பதினெட்டு முடிந்த பிள்ளை

ஞானசேகரம் ஜேர்மனிக்கு என்று வெளிக்கிட்டவர். ரோமாபுரி வரைக்கும் கூட்டிவந்த ஏஜென்ட், கோப்பி குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன், போனவன்தான். தெற்கே பலேர்மோவில் வீட்டு வேலை கிடைக்கிறதாம் என்று யாரோ சொன்னதை நம்பி ரயில் ஏறி, 1989ஆம் ஆண்டு மார்கழியில் அங்குள்ள பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இறங்கினார். அப்போது வயது முப்பத்தொன்பது. ஊரில், இணுவிலில், மனைவி யோகாம்பாளையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் விட்டு வந்திருந்தார். மூத்தவள் நிரோசினிக்குப் பதினொரு வயது. இளையவள் யசோதினிக்கு ஐந்து.

ஊரில் அவர் பஸ் கொண்டக்டர். யாழ்ப்பாணத்துக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் பதினான்கு வருஷம் ஓடியவர். பின்கதவில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு அவர் போடும் சத்தத்துக்கு முன்னால் நிற்கிறவன் தன்பாட்டில் உள்ளே நகருவான். பெரிய கடைச் சந்தையில் அவருக்குச் 'சத்தம் ஞானம்' என்றே பெயர். ஒருநாள் பஸ்ஸை மறித்த ஆமிக்காரர் அவரை இறக்கிக் கொண்டுபோய், மூன்று நாள் வைத்திருந்து, இரண்டு விலாவெலும்பு உடைந்த நிலையில் விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு நாளும் யோகாம்பாளுக்கு நெஞ்சிடியாகத்தான் இருந்தது. வெளிநாடு போகச் சொல்லி நின்றவள் அவள்தான்.

பலேர்மோவில் அந்தச் சத்தம் இல்லாமல் போயிற்று. பொலிதேயாமா தியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாடிவீட்டில், சிஞ்ஞோரா நுன்சியா என்கிற ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் வேலைக்குச் சேர்ந்தார். கணவனை இழந்தவர், ஒரே மகன் வடக்கே தொரினோவில். நாற்பது வருஷம் லத்தீன் படிப்பித்த அந்த அம்மாவுக்கு வீட்டில் சத்தம் ஆகாது. தட்டை மேசையில் வைக்கிற சத்தம்கூட ஆகாது. ஞானசேகரம் காலில் துணிச்செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கப் பழகினார். குரலைத் தொண்டைக்குள் வைத்துக் கதைக்கப் பழகினார். சிஞ்ஞோராவின் வாயில் அவருடைய பெயர் நுழையவில்லை. நீனோ என்று கூப்பிட்டார். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்.

தொண்ணூறாம் ஆண்டில் விசா இல்லாதவர்களுக்கெல்லாம் பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி கொடுத்தபோது அவருக்கும் கிடைத்தது. மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்றார்கள். ஆனால் அதற்கு ஒழுங்கான வீடு காட்டவேண்டும், நிலையான வேலை காட்டவேண்டும், ஊரிலிருந்து பிறப்புப் பத்திரங்கள் எடுப்பித்து மொழிபெயர்ப்பிக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, ரெலிபோனும் இல்லை. ஒரு கடிதம் போய்ப் பதில் வர மூன்று மாதம், சில வேளை ஐந்து மாதம். ஒரு பத்திரத்தில் யோகாம்பாளின் பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்து அதைத் திருத்தி எடுக்க ஒரு வருஷம் போயிற்று. ஒருவரும் வேண்டுமென்று சுணக்கவில்லை. அப்படித்தான் காலம் போனது.

1995 செப்டெம்பரில் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் அந்தக் கடிதம் கைக்கு வந்தது. நுல்லா ஒஸ்தா என்பார்கள். இவர்கள் வருவதற்குத் தடையில்லை என்று அர்த்தம். மூன்று பெயர்களும் அதில் இருந்தன. ஆறு மாதத்துக்குள் அவர்கள் கொழும்புக்கு வந்து தூதரகத்தில் அதைக் கொடுக்கவேண்டும். கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அது யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை ஞானசேகரம் பல்லறோ சந்தைப் பக்கத்தில் எடுத்த இரண்டறை வீட்டுக்கு வெள்ளையடித்தார். அவரோடு கூட இருந்தவன் கிறிகோரி, மன்னார்க்காரன். ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலை.

"அண்ணை, பிள்ளையளின்ரை அறைக்கு மஞ்சள் அடியுங்கோ. வெள்ளை ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு" என்றான் கிறிகோரி.

மஞ்சள் அடித்தார்.

ஒக்டோபர் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், கிறிகோரியின் சின்ன ரேடியோவில் லண்டன் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தை ஆமி நெருங்குகிறது. இணுவில் உட்பட வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே நாளில் வெளியேறித் தென்மராட்சிக்குப் போகிறது. லட்சக்கணக்கான பேர் ஒற்றை வீதியில் நிற்கிறார்கள், மழை பெய்கிறது என்று செய்தி சொன்னது.

கிறிகோரி சிலுவை போட்டுக்கொண்டான். ஞானசேகரம் எழும்பி நின்றார். அந்த வீதி அவருடைய வீதி. யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழிப் பாலத்துக்கு எத்தனை தரிப்பு, எந்தத் தரிப்பில் கிணறு இருக்கிறது, எங்கே ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சனம் நிறைந்த பஸ்ஸிலும் கால் மணித்தியாலத்தில் தாண்டுகிற தூரம் அது. அதை ஒரு இரவும் பகலுமாகச் சனம் கடந்துகொண்டிருக்கிறதாம்.

"அந்தப் பாலத்தடியிலை இருக்கேலாது, கிறிகோரி. ரெண்டு பக்கமும் கடல்நீரேரி. பிள்ளையளோடை ஓரமா நிண்டால் தள்ளிப்போடுவாங்கள். நடுவாலை வாங்கோ எண்டு ஆரும் சொல்லவேணும்" என்றார். பிறகு, "ஆரும் சொல்லவேணும்" என்று திரும்பச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கும் மேலாக ஒரு செய்தியும் இல்லை. கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி இருந்தான். ஞாயிறு தோறும் ஸ்தாசியோனே முன்னாலுள்ள ரெலிபோன் பெட்டியிலிருந்து அவனுக்கு எடுப்பார். "இன்னும் ஒண்டும் இல்லை அண்ணை" என்பான். அவ்வளவுதான்.

மார்ச்சில் நுல்லா ஒஸ்தாவின் தவணை முடிந்தது. ஏப்ரல் ஒன்பதாந் திகதி நிரோசினிக்குப் பதினெட்டு வயது. அன்றைக்கு அவர் சிஞ்ஞோராவின் வெள்ளிக் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிஞ்ஞோரா வந்து பார்த்தபோது, துடைத்த கரண்டியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீனோ, என்ன நடந்தது?"

ஆறரை வருஷத்தில் முதன்முறையாக அவர் அந்த வீட்டில் வேலையைப் பற்றி அல்லாத ஒன்றைக் கதைத்தார். இத்தாலியன் அவருக்குக் குசினியையும் குளியலறையையும் தாண்டிப் போகாது. இருக்கிற சொற்களை வைத்து, மேசையில் கரண்டிகளால் வீதி போட்டு, பாலம் போட்டு, விளங்கப்படுத்தினார். சிஞ்ஞோரா அட்லஸை எடுத்துவந்தார். இலங்கை அதில் கட்டைவிரல் நகமளவுதான் இருந்தது. சனம் போய்ச் சேர்ந்த சாவகச்சேரி அதில் இல்லை. சிஞ்ஞோரா பென்சிலைக் கொடுத்து, "இடத்தைக் குறி" என்றார். அவர் குறித்த புள்ளியில் யாழ்ப்பாணம் முழுவதும் மறைந்துபோயிற்று.

மே மாதக் கடைசி ஞாயிறு. கிளாலிக் கடலைத் தாண்டி, வன்னிக்குள் காடும் வெளியுமாக நடந்து, வவுனியாவில் மூன்று கிழமை முகாமில் இருந்து, மூன்று பேரும் கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

ரெலிபோனில் ஒரு பெண் குரல், "ஹலோ" என்றது.

"யோகம்!" என்றார் அவர். அந்தப் பெட்டிக்குள் நின்று, பழைய கொண்டக்டர் சத்தத்தில், ஸ்ரேசன் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. "யோகம், சுகமா இருக்கிறீரோ? பிள்ளையள் எங்கை?"

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம்.

"அப்பா, இது நான். நிரோசினி."

பதினொரு வயதில் விட்டுவந்த குரல் அது. யோகாம்பாள் ரிசீவரை வாங்கினாள்.

"இஞ்சேருங்கோ, நான் அந்தக் கடுதாசியை மட்டும் விடேல்லை. நனையாமல் பொலித்தீனிலை சுத்தி நெஞ்சுக்குள்ளை வைச்சுக் கொண்டந்தனான். இப்ப என்ன செய்யவேணும்?"

"தவணை முடிஞ்சுபோச்சு. புதுசா எடுத்து அனுப்புறன். ஒண்டுக்கும் யோசியாதையும்."

மறுநாள் குவெஸ்தூராவுக்குப் போகும்போது, சிஞ்ஞோராவும் தொப்பி போட்டுக்கொண்டு கூட வந்தார். தன் வாழ்நாளில் வரிசையில் நின்றறியாத மனுஷி, விடியற்காலையிலிருந்து செனகல்காரருக்கும் தமிழருக்கும் நடுவில் தடியை ஊன்றி நின்றார். இளம் அலுவலர் ஒருவர் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மரியாதையான பையன். மனைவிக்கு, சரி. இளைய மகளுக்கு, சரி. மூன்றாவது பத்திரத்தைத் தனியாக எடுத்துவைத்தார்.

"இவர் வயது வந்தவர். சட்டம் வயது வராத பிள்ளைகளுக்குத்தான்."

"ஒரு மாதமும் பதினெட்டு நாளும்தான் கூட" என்றார் சிஞ்ஞோரா.

"தெரிகிறது, சிஞ்ஞோரா."

"முதல் கடிதத்தில் இவளுடைய பெயரும் இருந்தது. இவர்கள் யுத்தத்தில் அகப்பட்டிருந்தார்கள். யுத்தம் தவணை பார்த்தா வரும்?"

"தெரிகிறது. ஆனால் என்னால் ஒன்றும் செய்யமுடியாது."

"நான் நாற்பது வருஷம் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். அதில் ஒன்றுகூட வயதுவந்த பிள்ளை இல்லை. வீட்டில் தாய் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்தான் எல்லோரும்!"

அலுவலர் தலைகுனிந்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஞானசேகரம் சிஞ்ஞோராவின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். வீட்டுக்கு வந்ததும் சிஞ்ஞோரா மேசையில் இருந்து எழுதத் தொடங்கினார். அமைச்சுக்கு ஒன்று, தன்னிடம் படித்து இப்போது ரோமில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவருக்கு ஒன்று, ஆயருக்கு ஒன்று. நல்ல இத்தாலியனில் எழுதிய கடிதத்தைத் தட்டிக்கழிக்க ஒருவராலும் ஏலாது என்பது அவருடைய நம்பிக்கை. பதில்கள் வந்தன. எல்லாம் மரியாதையான பதில்கள். மூன்றிலும் ஒரே சட்டத்தின் இலக்கமும் ஒரே வசனமும் இருந்தன. மூன்றாவதைப் படித்துவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உன் பெயரை ஒழுங்காகச் சொல்லு" என்றார். அன்று மத்தியானம் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினார். முழுப்பெயர் ஒன்றாக வரவில்லை. சேகரம் வந்தது.

கொழும்பில் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. வடக்கிலிருந்து வந்த இளம்பிள்ளைகள் லொட்ஜில் தங்குவதென்றால் பொலிசில் பதியவேண்டும். திடீர் திடீரென்று வந்து எழுப்பி, அடையாள அட்டை பார்த்து, லொறியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். நிரோசினியை இரண்டு தடவை கொண்டுபோய்ப் பிறகு விட்டார்கள். இரண்டாம் தடவை யோகாம்பாள் பொலிஸ் ஸ்ரேசன் வாசலிலேயே கிடந்தாளாம்.

"நானும் சின்னவளும் வந்தால் இவளை ஆரிட்டை விடுறது? சொல்லுங்கோ" என்று ரெலிபோனில் கேட்டாள் யோகாம்பாள்.

"தம்பியிட்டை..."

"அவன் லொட்ஜிலை நாலு பெடியளோடை ஒரு அறையிலை கிடக்கிறான். குமர்ப்பிள்ளையை அங்கையோ விடுறது? நான் வரேல்லை. மூண்டு பேரும் வந்தால் வருவம். இல்லாட்டி இல்லை."

ஏஜென்ட் மூலம் கூப்பிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அப்படிப் போன பிள்ளைகள் மொஸ்கோவிலும் ஆபிரிக்காவிலும் அடைபட்டுக் கிடக்கிற கதைகளையும் அதே ஆட்கள்தான் சொன்னார்கள். தன்னை ரோமாபுரியில் விட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போனவனை நினைத்தார். அதற்கு அவருக்கு மனம் வரவில்லை.

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு. யோகாம்பாள் கோயிலுக்குப் போயிருந்தாள். நிரோசினிதான் கதைத்தாள். படிப்பைப் பற்றி, கொழும்பு வெக்கையைப் பற்றி. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அப்பா, அம்மா வராமல் இஞ்சை நிண்டால் தங்கச்சியின்ரை பேரும் பிறகு வெட்டுப்பட்டுப் போகுமோ?"

"அவளுக்கு இப்பதானை பன்ரெண்டு, பிள்ளை."

"ஓம். ஆனால் சட்டத்தை மாத்தினாலும் மாத்துவினமாம். இஞ்சை கதைக்கினம். என்னாலைதானே எல்லாரும் நிக்கினம், என்ன அப்பா?"

அவர் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லவேண்டும். உன்னால் இல்லை, பிள்ளை, சட்டத்தால், சண்டையால், பத்திரங்களுக்கென்று நான் விட்ட ஐந்து வருஷத்தால் என்று சொல்லவேண்டும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ என்ன செய்வது என்று வரும். அதற்கு அவரிடம் பதில் இல்லை. பெட்டியின் கண்ணாடியில் யாரோ காசால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரெலிபோன் கார்ட் முடிந்து லைன் நின்றது.

நான்கு கிழமை கழித்து நிரோசினி லொட்ஜ் தலையணையின் கீழ் ஒரு கடிதம் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஊருக்குத் திரும்பிப்போகும் அயல் குடும்பம் ஒன்றோடு திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு. இணுவிலில் மாமி வீட்டில் இருந்து படிப்பேன், நீங்கள் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அப்பாவிடம் போங்கோ, என்னைத் தேடி வந்தால் நான் மாமி வீட்டையும் விட்டுப் போவேன் என்று எழுதியிருந்தாள். யோகாம்பாள் திருகோணமலை வரைக்கும் போனாள். கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்கு அனுமதி எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று ஒருவராலும் சொல்லமுடியவில்லை. பத்து நாள் நின்று பார்த்துவிட்டு, கொழும்பில் தெரிந்தவர்கள் வீட்டில் விட்டுவந்த சின்னவளுக்காகத் திரும்பி வந்தாள்.

1997 பெப்ரவரியில் யோகாம்பாளும் யசோதினியும் பலேர்மோவில் வந்து இறங்கினார்கள். கிறிகோரி யாரிடமோ கார் இரவல் வாங்கி வந்திருந்தான். ஞானசேகரம் புதுச் சேர்ட்டோடு நின்றார். யோகாம்பாளின் தலை முழுக்க நரைத்திருந்தது. தன்னைப் பார்த்து அவளும் அப்படி ஏதோ நினைத்திருப்பாள். கார் கடலோரமாகப் போனது. யசோதினி பின்சீட்டில் இருந்து, "இது என்ன கடல்?" என்று கேட்டாள். ஞானசேகரத்துக்கு அவளோடு எப்படிக் கதைப்பது என்று தெரியாததால் கிறிகோரிதான் பதில் சொன்னான்.

மஞ்சள் அறையில் இரண்டு கட்டில் போட்டிருந்தது. ஒன்றில் யசோதினியும் மற்றதில் யோகாம்பாளும் படுத்தார்கள்.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. யோகாம்பாள் சமைத்தாள், தோய்த்தாள், இரண்டு மாதத்தில் அவளும் ஒரு வீட்டில் வேலைக்குப் போனாள். ஒருநாள் பின்னேரம் கீரை ஆய்ந்துகொண்டு, தலை நிமிராமலே கேட்டாள்:

"நான் கோயிலுக்குப் போன அண்டைக்கு அவள் உங்களிட்டை என்னவோ கேட்டவளாம். கடிதத்திலை எழுதியிருக்கிறாள். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"ஒண்டும் சொல்லேல்லையோ?"

"கார்ட் முடிஞ்சுபோச்சு."

யோகாம்பாள் கீரைத் தண்டை முறித்தாள். "நானும் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள். "கப்பலடியிலை நிண்டு, அவள் போயிட்டாள் எண்டு அழுதன்தான். ஆனால் திரும்பி வரேக்கை, இனிச் சின்னவளையெண்டாலும் கொண்டுபோகலாம் எண்டு மனம் ஒருக்கா நினைச்சது. பெத்த மனம்."

சிஞ்ஞோரா நுன்சியாவை அடுத்த வருஷம் மகன் வந்து தொரினோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபின் தனியாக வைத்திருக்க ஏலாது என்றார். சிஞ்ஞோராவுக்கு விருப்பமில்லை. ஞானசேகரம்தான் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்தார். அந்த அட்லஸையும் வைத்தார். ரயிலில் ஏற்றிவிட்டபோது சிஞ்ஞோரா அவருடைய கையை விடவில்லை. "சேகரம், அங்கே பனி பெய்யுமாம்" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு ஞானசேகரம் ஒரு முடிவெட்டும் கடைக்காரர் வீட்டிலும், கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் குளிப்புக்காரருக்குக் குடை விரிக்கிற இடத்திலும் வேலை செய்தார்.

நிரோசினி இணுவிலில் சோதனை எழுதி, பாலர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கினாள். கடிதங்கள் வரும். தாய்க்கு இரண்டு பக்கம், தங்கச்சிக்கு ஒரு பக்கம். கடைசியில், 'அப்பாவின் சுகத்தையும் அறிய ஆவல்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை அவர் மட்டும் தனியாக வாசிப்பார். பதில் எழுத இருந்தால், கேட்ட கேள்விக்கல்லவா முதலில் பதில் எழுதவேண்டும்? கடுதாசியை மடித்து வைத்துவிடுவார்.

1999இல் யசோதினியின் பள்ளிக்கூடத்தில் குடும்பப் பத்திரம் கேட்டார்கள். நகரசபையில் எடுத்துவந்தார். ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அச்சடித்த ஒற்றைத் தாள். யோகாம்பாளுக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாது. தாளை வாங்கி, விரலை வைத்து வரிகளை எண்ணினாள்.

"மூண்டுதானே கிடக்கு."

"அம்மா, க்வெஸ்தோ வீட்டிலை இருக்கிற ஆக்கள் மட்டும்தான்" என்றாள் யசோதினி, இத்தாலியனும் தமிழும் கலந்து, புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு. "சுபித்தோ தாங்கோ, பஸ் போயிடும்."

யோகாம்பாள் தாளைக் கொடுக்கவில்லை. கணவனிடம் நீட்டினாள்.

"நீங்கள் ஒருக்கா வாசியுங்கோ."

அவர் வாசித்தார். தன் பெயர், அவள் பெயர், சின்னவள் பெயர். பிறந்த திகதி, பிறந்த இடம்.

"அதுக்குக் கீழை?"

"ஒண்டும் இல்லை. சீல் மட்டும்தான்."

"வடிவாப் பாருங்கோ."

யசோதினி வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஞானசேகரம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து திரும்ப வாசிக்கத் தொடங்கினார்.